அறுத்து மெருகிட்ட பட்டைக் கல், கனிமச் சேகரிப்பில் சேருமா?

கேள்வி, 2 பிப்ரவரி 2025
கனிமம் சேர்க்கத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. போலந்திலிருந்து வந்த ஷாலன்பிளெண்டு என்று ஒரு மெருகிட்ட வில்லை கண்ணில் பட்டது. பழுப்பும் மஞ்சளும் வெள்ளியுமாய்ப் பட்டை பட்டையாக ஓடுகிறது, அவ்வளவு அழகு. ஆனால் மூத்த சேகரிப்பாளர் ஒருவர், "அறுத்து மினுக்கின கல்லெல்லாம் ஷோகேஸ் சாமான், கனிம மாதிரி ஆகாது, காசை வீணாக்காதே" என்று சொல்லிவிட்டார். வாங்கலாமா, விடலாமா?

2 பிப்ரவரி
படிகத்துக்கு அவர் சொல்வது சரி. நல்ல முகங்களோடு வந்த ஒரு கலீனா கனசதுரத்தையோ புளோரைட்டையோ சாணை பிடிப்பது அநியாயம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. ஷாலன்பிளெண்டு கதை வேறு. சுரங்கத்திலிருந்து வரும் கட்டி சாம்பலும் பழுப்புமாய், ஒரு பக்கம் டோலமைட் பாறை ஒட்டிக்கொண்டு, கையில் எடுத்தால் கனமாக மட்டும் இருக்கும். பார்க்க வேண்டியதெல்லாம் உள்ளே இருக்கிறது, அறுத்தால்தான் தெரியும். தாதுவியல் படித்தவர்கள் நூறு வருடத்துக்கு மேலாக இந்தத் தாதுவை அறுத்து மெருகிட்டுத்தான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள்.

வாங்குங்கள். ஆனால் விலை பேசுவதற்கு முன்னால் எந்தச் சுரங்கம் என்று கேளுங்கள். "போலந்து" என்பது பதில் ஆகாது. மெருகிட்டதால் இந்தக் கல்லுக்கு ஒரு நஷ்டமும் இல்லை; எங்கிருந்து வந்தது என்ற சீட்டு தொலைந்தால்தான் நஷ்டம். அந்த மூத்தவர் கோபப்பட வேண்டியதும் அங்கேதான்.

3 பிப்ரவரி
நேற்று அவசரத்தில் எழுதினேன். இந்தக் கல் என்ன என்றே சொல்லாமல் வாங்கு என்றால் எப்படி, அதனால் கொஞ்சம் விரிவாக.

இது ஒற்றைக் கனிமம் கிடையாது, ஒரு கூட்டு. பெரும்பங்கு துத்தநாக சல்பைடு, அதாவது ஸ்பாலரைட். வெளிர் மஞ்சள், தேன் நிறம், செம்பழுப்பு, கரும்பழுப்பு என்று பட்டைகளாக ஓடுவது அதுதான். நடுநடுவே பளபளக்கும் சாம்பல் நிறம் கலீனா, காரீய சல்பைடு. வெளிறிய பித்தளை மாதிரித் தெரிவது மார்கசைட், சில இடங்களில் பைரைட். இந்த இரண்டும் இரும்பு சல்பைடுதான், வேதியியலில் வித்தியாசம் இல்லை, அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. அந்த வித்தியாசம்தான் பின்னால் நமக்குத் தலைவலி தரப்போகிறது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

உருவான கதை: சுண்ணாம்புப் பாறையிலும் டோலமைட்டிலும் உள்ள வெடிப்பு, பொந்து, இடிந்த குகை ஆகியவற்றுக்குள் உலோகம் கரைந்த உப்புநீர் சூடாக வருகிறது. இந்த வகைப் படிவுகளில் பொதுவாக 75 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடு இருந்திருக்கும். அங்கே அது ஹைட்ரஜன் சல்பைடைச் சந்தித்தவுடன் சல்பைடுகள் வேகமாகப் படிந்துவிடுகின்றன. நிதானமாகப் படிந்தால் பெரிய படிகம் வளரும். இங்கே அதற்கு நேரமில்லை, அதனால் சுவரிலிருந்து நேர்குத்தாக மயிரிழை மாதிரியான நார்கள் நெருக்கமாக வளர்கின்றன, கரைசல் கொஞ்சம் மாறும்போதெல்லாம் நிறம் மாறுகிறது. வெட்டிப் பார்த்தால் வெங்காயத்தைக் குறுக்கே அரிந்த மாதிரி ஓடு மேல் ஓடு. ஒரு காலத்தில் இது கூழ் போல உறைந்து இறுகியது என்று நம்பினார்கள். பிறகு நுண்ணோக்கியில் நார் நாராகத் தெரிந்த பின் நேரடியாகப் படிகமாக வளர்ந்தது என்ற கருத்துதான் வலுத்தது. நல்ல மெருகு இருந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸான லூப்பிலேயே அந்த நார்களின் போக்கு சில பட்டைகளில் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், மெருகு வெறும் அழகுக்காக இல்லை.

3 பிப்ரவரி, இரவு
கரும் பட்டை என்றால் இரும்பு அதிகம், வெளிர் பட்டை என்றால் குறைவு என்று விற்பவர்கள் சொல்வார்கள். பொதுவாகச் சரிதான், ஆனால் அதையே விதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நாரின் தடிமன், உள்ளே சிக்கிய கரிமப் பொருள், மிக நுண்ணிய மற்ற சல்பைடுகள் எல்லாமே நிறத்தில் கை வைக்கும். நிறத்தை வைத்து வேதியியல் சொல்ல வேண்டுமானால் பகுப்பாய்வு செய்திருக்க வேண்டும்.

4 பிப்ரவரி
"வுர்ட்சைட் என்றும் சீட்டில் போட்டிருக்கிறதே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அதுவும் துத்தநாக சல்பைடுதான், ஆனால் அறுகோண அடுக்கு. பிரெஞ்சு வேதியியலாளர் ஷார்ல் அடோல்ப் வுர்ட்ஸ் பெயரில் 1861-ல் வைத்த பெயர். பாடப்புத்தகப்படி ஆயிரம் டிகிரிக்கு மேல்தான் அது நிலையாக இருக்க வேண்டும். இங்கேயோ அதில் பத்தில் ஒரு பங்குச் சூட்டிலேயே உருவாகியிருக்கிறது. பிறகு அதில் பெரும்பகுதி நார் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளுக்குள் ஸ்பாலரைட்டாக மாறிவிட்டது. ஆக, உங்கள் வில்லையில் இன்னும் வுர்ட்சைட் மிச்சம் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனை செய்தால்தான் தெரியும். "ஸ்பாலரைட், வுர்ட்சைட்" என்று சேர்த்து எழுதியிருப்பது பழக்கத்தில் எழுதுவது. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

9 பிப்ரவரி
எந்தத் திசையில் அறுப்பது என்று யாருமே பேசுவதில்லை. கடையில் வரும் வில்லைகளில் பாதி தப்பான திசையில் அறுத்தவை.

பட்டைகள் ஒரு பொந்தின் சுவரிலிருந்து உள்நோக்கி வளர்ந்தவை. வளர்ந்த திசைக்கு இணையாக, அதாவது சுவருக்குச் செங்குத்தாக ரம்பம் இறங்கினால், ஒவ்வொரு பட்டையும் அதன் உண்மையான தடிமனில் வரும்; எது முதலில் படிந்தது, எது கடைசி என்று விரல் வைத்து எண்ணிக்கொண்டே போகலாம். சாய்வாக அறுத்தால் பட்டைகள் அகலமாகி, வளைவெல்லாம் பெரிய பெரிய கண்களாக விரிந்துவிடும். பார்க்க அதுதான் கவர்ச்சி, விற்பதும் அதுதான். ஆனால் மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டை அங்கே விரல் அகலம் காட்டும். படிக்க முடியாத கல் ஆகிவிடும்.

என்னிடம் போலந்தின் போமொர்ஸானி சுரங்கத்துக் கட்டி ஒன்று இருந்தது, இரண்டு கைப்பிடி அளவு. ஈரத் துணியால் துடைத்து, உடைந்த விளிம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, டோலமைட் ஒட்டியிருந்த பக்கத்தைச் சுவர் என்று வைத்துக்கொண்டு, அதற்குச் செங்குத்தாகப் பென்சிலால் கோடு போட்டேன். அறுத்ததும் உள்ளே கிடந்தது இது: டோலமைட்டை ஒட்டி நகக்கனத்தில் வெளிர் மஞ்சள் ஸ்பாலரைட். அதன் மேல் கலீனா, கட்டியாக இல்லாமல் இறகு விரித்த மாதிரி கிளை கிளையாக, ஒவ்வொரு கிளை நுனியும் உள்நோக்கியே. கிளைகளுக்கு நடுவில் செம்பழுப்புப் பட்டைகள் நுழைந்து நிரப்பி, கிளையைச் சுற்றி வளைந்து போகின்றன. அப்படியானால் கலீனா முந்தி, செம்பழுப்பு பிந்தி. எல்லாம் முடிந்த பின் பொந்தின் நடுவில் மீந்த இடத்தில் மார்கசைட், சீப்புப் பல் போல் ஈட்டி முனைகளோடு. ஒரு இடத்தில் வெளிர் பட்டை உடைந்து ஒரு துண்டு சரிந்து விழுந்து, அதன் மேல் அடுத்த பட்டை ஒன்றும் நடக்காத மாதிரி போர்த்திக்கொண்டு போயிருக்கிறது. பொந்தின் கூரை அந்த நேரத்தில் இடிந்திருக்கிறது. முழுக் கட்டியை ஆயுசுக்கும் அலமாரியில் வைத்திருந்தாலும் இதில் ஒரு வரி தெரிந்திருக்காது.

10 பிப்ரவரி
அறுக்கும் ஆசையில் கிளம்பியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். உலர்வாக அறுக்கவே கூடாது. தண்ணீர் ஓட வேண்டும், முகக்கவசம் வேண்டும், கையுறை வேண்டும். இந்தத் தாதுவில் காரீயம் மட்டும் இல்லை. துத்தநாகத்தோடு காட்மியம் எப்போதும் கொஞ்சம் வரும், இரும்பு சல்பைடில் ஆர்சனிக்கும் தாலியமும் வரும். எலி பாஷாணமாக விற்ற அதே தாலியம்தான். தென்மேற்கு ஜெர்மனியில் வீஸ்லோக் என்ற பழைய சுரங்க ஊரில், நூற்றாண்டுகளாகக் கொட்டிய கழிவால் மண்ணிலேயே இதெல்லாம் ஏறிக் கிடக்கிறது. அறுத்த சேற்றைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், ஒரு டப்பாவில் தெளியவிட்டு, அடியில் தங்கிய வண்டலை அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அறுக்கிற வேலையே வேண்டாம், மெருகிட்டதை வாங்கிக்கொள்ளுங்கள்.

16 பிப்ரவரி
மெருகு. இதில்தான் ஷாலன்பிளெண்டு ஆளைச் சோதிக்கும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கலீனா 2.5, ஸ்பாலரைட் 3.5 முதல் 4 வரை, மார்கசைட் 6-க்கும் மேல். ஒரே வில்லையில் நகத்தை விடக் கொஞ்சம் கடினமானதும், கண்ணாடியைக் கீறுவதும் அடுத்தடுத்து இருக்கின்றன. மெத்தென்ற துணியில் தேய்த்தால் மென்மையானது குழிந்து, மார்கசைட் வரப்பு மாதிரி மேலே நிற்கும். விரலை ஓட்டினாலே தட்டும்.

நான் செய்வது: தட்டையான கண்ணாடிப் பலகையில் வாட்டர் பேப்பர், 220, 400, 600, 1200 என்று வரிசையாக. ஒவ்வொரு தாளிலும் முந்தைய தாளின் கீறல் முழுதாகப் போகும்வரை நகரக் கூடாது, ஒவ்வொரு முறை மாறும்போதும் கல்லையும் கையையும் பலகையையும் கழுவ வேண்டும். அப்புறம் கெட்டியான தேய்ப்புத் தளத்தில் 3 மைக்ரான் வைரப் பசை, கடைசியில் 1 மைக்ரான், அழுத்தம் குறைவாக, நேரம் குறைவாக. கடைசிக் கட்டத்தில் ஆசைப்பட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தால் பளபளப்பு கூடாது, மேடுபள்ளம்தான் கூடும். முடிந்தவுடன் ஆல்கஹாலில் கழுவிக் காற்றில் உலரவிட வேண்டும், ஈரத்தோடு விட்டால் மார்கசைட் மங்கத் தொடங்கும்.

கலீனாவை லூப்பில் பாருங்கள். சின்னச் சின்ன முக்கோணக் குழிகள் வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். கலீனா ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்களில் பிளப்பது; மெருகுத் தளம் அந்த மூன்றையும் சாய்வாக வெட்டும் இடத்தில் மூலைகள் பெயர்ந்து முக்கோணமாகிவிடும். தாது நுண்ணோக்கியில் கலீனாவை அடையாளம் காண மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான். மெருகில் குறை என்று நினைத்து அதை மறைக்கப் பசை பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், விட்டுவிடுங்கள்.

1 மார்ச்
பசை என்றதும் ஞாபகம் வந்தது, லாக்கர் பூச்சு. வாங்கும்போது இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 600 தாளோடு வேலையை நிறுத்திவிட்டு மேலே தெளிவான லாக்கர் அடித்து "மெருகிட்டது" என்று விற்பது நிறைய. ஒரு வியாபாரியிடம் வாங்கிய அழகான பெரிய வில்லை ஒன்று எனக்கும் அப்படித்தான் வந்தது, படத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும்: பூச்சுக்குள் ஊசிமுனைக் குமிழிகள், ஓரத்தில் தடித்து வழிந்த கோடு, குழிகளின் விளிம்பு கூர்மை இல்லாமல் மொழுக்கென்று இருப்பது. பின்பக்க ஓரத்தில் பஞ்சில் தொட்ட அசிட்டோனை வைத்தால் சாதாரண லாக்கர் பிசுபிசுக்கும், எபாக்சி பிசின் அசையாது. வெடிப்பும் பொந்தும் உள்ள கல்லில் எபாக்சி ஊற்றி நிரப்புவதை நான் குறை சொல்ல மாட்டேன், இல்லாவிட்டால் ரம்பத்திலேயே உடைந்துபோகும். ஆனால் நிரப்பியதைச் சொல்லி விற்க வேண்டும்.

8 மார்ச்
இப்போது சீட்டு. ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம்.

பார்வைக்கு மட்டும் வைத்து ஷாலன்பிளெண்டின் ஊரைச் சொல்வது பெரும்பாலும் ஊகம். போலந்தின் மேல் சிலேசியத் தாதுப் பகுதியில் ஓல்குஷ், பித்தோம் பக்கத்துச் சுரங்கங்கள், பெல்ஜியம் எல்லையில் கெல்மிஸ், புளோம்பியேர் பகுதி, ஜெர்மனியின் வீஸ்லோக், ஆஸ்திரியாவின் பிளைபெர்க், அதற்குத் தெற்கே இத்தாலியில் ரைபல், எல்லா இடத்திலும் பட்டைத் தாது உண்டு. இவை எல்லாமே மூடிவிட்டன: வீஸ்லோக் 1954, ரைபல் 1991, பிளைபெர்க் 1993. திரும்பப் போய்ச் சரிபார்க்கச் சுரங்கம் இல்லை. சீட்டுதான் சாட்சி.

பழைய சீட்டின் எழுத்தே காலத்தைச் சொல்லும். "பொய்தன்" என்று இருந்தால் 1945-க்கு முன்னால் எழுதியதாக இருக்க வாய்ப்பு அதிகம், அதன்பின் அந்த ஊர் போலந்தின் பித்தோம். "ரைபல், கரிந்தியா" என்றால் முதல் உலகப்போருக்கு முந்தைய ஆஸ்திரியக் காலம். பிறகு அது இத்தாலிக்குப் போய் காவே தெல் பிரெதில் ஆனது. பழுத்துப்போன சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அழகாக அச்சடித்த புதுச் சீட்டு வைக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. புதுச் சீட்டு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பழையதை அதன் கீழேயே வையுங்கள்.

நான் இருப்பது ஜெர்மனியில் ஆகன் பக்கம், கெல்மிஸ் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அந்தச் சுரங்கத்துக்காக ஒரு நாடே உண்டாகியிருக்கிறது என்றால் நம்புவீர்களா? நெப்போலியனுக்குப் பின் எல்லை போடும்போது துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்று பிரஷ்யாவும் நெதர்லாந்தும் ஒத்துப்போகவில்லை. 1816-ல் சுரங்கத்தைச் சுற்றி மூன்றரைச் சதுர கிலோமீட்டர் நிலத்தை யாருக்கும் சொந்தமில்லாமல் விட்டார்கள், நடுநிலை மோரெஸ்னே என்று பெயர். சில நூறு பேர் இருந்த இடம் நாலாயிரத்தைத் தாண்டியது. 1908-ல் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழி பேசும் நாடாக ஆக்கப்போகிறோம் என்றுகூட ஒரு டாக்டர் தலைமையில் கிளம்பினார்கள். 1920-ல் பெல்ஜியத்தோடு சேர்ந்தது. பாரீஸ் நகரத்துக் கூரைகளில் பரப்பிய துத்தநாகத் தகட்டில் இந்தச் சுரங்கத்தை நடத்திய கம்பெனியின் சரக்கு ஏராளம்.

9 மார்ச்
மோரெஸ்னே பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அல்டன்பெர்க், மோரெஸ்னே" என்று சீட்டுள்ள பட்டை வில்லையை ஒருவர் படம் அனுப்பியிருந்தார். ஒன்று கவனிக்க வேண்டும். கெல்மிஸ் சுரங்கமான அல்டன்பெர்க் பெரும்பள்ளத்தில் எடுத்தது முக்கியமாக ஆக்சிஜன் ஏறிய தாது, துத்தநாகக் கார்பனேட்டும் சிலிகேட்டும். அது 1880-களில் தீர்ந்துபோயிற்று. பட்டை சல்பைடு அதிகம் வந்தது சுற்றுவட்டத்துச் சுரங்கங்களில், ஷ்மால்கிராப் அவற்றில் பேர்போனது, 1932 வரை ஓடியது. கம்பெனியின் பெயரும் அல்டன்பெர்க்தான், பிரெஞ்சில் வியே மோந்தான்யு. அதனால் கம்பெனிப் பெயரைச் சுரங்கப் பெயராக எழுதிய சீட்டுகள் நிறையச் சுற்றுகின்றன. அவருடையதும் அப்படி இருக்கலாம். சீட்டைத் திருத்தாதீர்கள். பக்கத்தில் இன்னொரு தாளில் உங்கள் ஐயத்தைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், அடுத்து வருபவர் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

அங்கே பழைய குப்பை மேடுகளில் போய்த் தோண்டலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். துத்தநாகம் ஏறிய அந்த மண்ணில் மட்டுமே தாக்குப்பிடிக்கும் மஞ்சள் வயோலாச் செடி அங்கே பூக்கிறது, பல இடங்கள் பாதுகாக்கப்பட்ட நிலம். மே மாதம் போய்ப் பூவைப் பாருங்கள், கெல்மிஸ் அருங்காட்சியகத்தில் கல்லைப் பாருங்கள்.

22 மார்ச்
"நம்ம ஊரில் கிடைக்காதா அண்ணா?" தமிழ்நாட்டில் மாமண்டூரில் துத்தநாகம், காரீயம், செம்பு மூன்றும் கலந்த சல்பைடு இருக்கிறது. ராஜஸ்தானில் ஜாவர், ராம்புரா அகுச்சா என்று பெரிய துத்தநாகப் படிவுகளே இருக்கின்றன. ஜாவரில் பல நூற்றாண்டுக்கு முன்பே மண் குடுவைகளை அடுக்கித் துத்தநாகத்தை ஆவியாக்கி வடித்திருக்கிறார்கள், அந்தக் குடுவைகளின் குவியல் இன்னும் கிடக்கிறது. ஆனால் இந்தப் பாறைகள் எல்லாம் மிகப் பழையவை, பூமிக்குள் போய்ச் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறி வந்தவை. அதில் நார்கள் எல்லாம் மறுபடி படிகமாகி மணி மணியாகத் திரண்டுவிடும். தாது இருக்கும், இந்த நுண்ணிய ஓடுகள் மிஞ்சாது. மேல் சிலேசியாவின் டோலமைட் இருபது கோடி வருடத்துக்கும் முந்தைய டிரையாசிக் காலத்தது, அதன்பின் பெரிய சூட்டைப் பார்க்காதது. பட்டைகள் பிழைத்திருப்பதற்கு அதுதான் காரணம்.

5 ஏப்ரல்
தலைவலி என்று சொன்னேனே, அது இது. மார்கசைட்.

காற்றில் ஈரம் இருந்தால் மார்கசைட் ஆக்சிஜனோடு சேர்ந்து இரும்பு சல்பேட்டும் கந்தக அமிலமும் ஆகும். முதலில் பித்தளை நிறம் மங்கும். அப்புறம் வெடிப்பு ஓரங்களில் வெள்ளையாக, மஞ்சள் கலந்த சாம்பலாக உப்பு பூக்கும். பெட்டியைத் திறந்தால் கந்தக நெடி மூக்கில் ஏறும். அந்த உப்புக்கு மார்கசைட்டை விட இடம் அதிகம் வேண்டும், அதனால் கல் உள்ளிருந்து பிளக்கும். அடியில் இருக்கும் சீட்டு பழுப்பேறி, மடித்தால் ஒடியும். கல் போவதோடு அதன் சாட்சியும் போகிறது.

எல்லாத் துண்டும் போவதில்லை. அடர்த்தியாக, பெரிய படிகமாக வந்த மார்கசைட் பல பத்தாண்டுகள் அசையாமல் இருக்கும். நுண்ணிய நாராக, துளைகளோடு இருப்பதுதான் சீக்கிரம் கெடும். மேலே லாக்கர் அடித்தால் நிற்கும் என்று நம்பாதீர்கள். ஈரம் மெதுவாக உள்ளே போகத்தான் செய்யும், பூச்சுக்கு அடியில் உப்பு பூத்தால் சுத்தம் செய்யவும் முடியாது. வேலைக்கு ஆவது வறட்சி ஒன்றுதான்: ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே, இறுக்கமான டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் வறுத்து மறுபடி வைப்பது. சீட்டைத் தனியாக பாலியெஸ்டர் உறைக்குள். சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மார்கசைட் அதிகமுள்ள துண்டை வாங்கும் முன் இதற்கெல்லாம் தயாரா என்று யோசியுங்கள். ஸ்பாலரைட்டும் கலீனாவும் மட்டும் ஓடும் வில்லைகளும் கிடைக்கின்றன, அவை உங்கள் ஊருக்குப் பொருத்தம்.

பூத்துவிட்டால்? தண்ணீரில் கழுவாதீர்கள். உலர்ந்த தூரிகையால் மெதுவாகத் தட்டி எடுங்கள், மற்ற கற்களிடமிருந்து பிரித்து வையுங்கள், முக்கியமாகக் கால்சைட்டிடமிருந்து, அமிலம் அதை அரித்துவிடும். அமிலத்தை அடக்க அருங்காட்சியகங்களில் அம்மோனியா ஆவியில் வைப்பதுண்டு. வீட்டில் முயல வேண்டாம், புகை ஆபத்தானது.

6 ஏப்ரல்
இன்னொன்று, கொஞ்சம் கோபத்தோடு. ஜெர்மனியில் ஷாலன்பிளெண்டைக் குணமளிக்கும் கல் என்று உருட்டி மெருகிட்டு விற்கிறார்கள். அப்படி வாங்கிய கல்லைக் குடிதண்ணீர்க் குடத்தில் போட்டு வைத்திருப்பதாக ஒரு அக்கா எழுதியிருந்தார். அக்கா, இன்றே எடுத்துவிடுங்கள், அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். காரீயமும் காட்மியமும் உள்ள கல் அது, மார்கசைட் கெட்டால் அமிலமும் சேர்ந்து இன்னும் கரைக்கும். குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் காரீய அளவு பார்த்துக்கொள்வது நல்லது. கல்லைத் தொட்டால் கை கழுவினால் போதும், பயம் வேண்டாம். வாய்க்குள் போகும் எதிலும் அது இருக்கக் கூடாது.

18 மே
போமொர்ஸானி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், இப்போது சந்தையில் சுற்றுவதில் பெரும்பங்கு அதுதான் என்பதால்.

ஓல்குஷ் ஊரில் இடைக்காலத்திலிருந்தே காரீயமும் வெள்ளியும் எடுத்திருக்கிறார்கள், 16-ம் நூற்றாண்டில் தண்ணீரை வடிக்க மலைக்கு அடியில் நீண்ட வடிகால் சுரங்கங்கள் வெட்டினார்கள். துத்தநாகத்துக்கு மதிப்பு வந்தது பிற்பாடுதான். கடைசியாக ஓடிய ஓல்குஷ்-போமொர்ஸானி சுரங்கம் 2020 இறுதியில் தாது எடுப்பதை நிறுத்தியது, ஒரு வருடம் கழித்து நீரேற்றிகளையும் நிறுத்தினார்கள். உடனே ஒன்று நடந்தது: அந்தச் சுரங்கத்திலிருந்து இறைத்த நீரால்தான் ஸ்டோலா என்ற ஆறு ஓடிக்கொண்டிருந்தது, 2022 தொடக்கத்தில் அது வற்றிப்போயிற்று. சுரங்கம் நிலத்தடி நீரைத் தாழ்த்தித் தாழ்த்தி ஆற்றின் ஊற்றுகளை முன்பே கொன்றிருந்தது, பிறகு இறைத்த நீரே ஆறாக நின்றது. கீழே சுரங்கப் பாதைகள் நிரம்பத் தொடங்கின.

அதனால் புதுத் தாது இனி வராது. இப்போது விற்பது எல்லாம் முன்பே மேலே வந்து யார் வீட்டுக் கொட்டகையிலோ கிடந்த கட்டிகளும், பழைய சேகரிப்புகள் கலைவதால் வருபவையும்தான். விலை ஏறுகிறது, ஏறும்போது சீட்டில்லாத வில்லைக்கெல்லாம் போமொர்ஸானி என்ற பெயர் ஒட்டத் தொடங்கும். விற்பவர் யாரிடமிருந்து, எந்த வருடம் வாங்கினார் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் "மேல் சிலேசியா என்று சொல்லி விற்றார்" என்றே உங்கள் பதிவேட்டில் எழுதுங்கள். பக்கத்தில் தர்னோவ்ஸ்கியே கூரியின் காரீய-வெள்ளிச் சுரங்கத்தை யுனெஸ்கோ 2017-ல் உலக மரபிடமாக அறிவித்திருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். ஓல்குஷில் நம் கைக்கு வருவது இந்தக் கற்கள்தான், அதற்காகவாவது ஊர்ப் பெயரை ஒழுங்காக எழுதுவோம்.

29 ஜூன்
பிரான்சின் வோஜ் மலையில் செந்த் மரீ ஓ மீன் கனிமச் சந்தையிலிருந்து வந்து இதை எழுதுகிறேன். அந்த ஊரே பழைய வெள்ளிச் சுரங்க ஊர். கலைந்துபோன ஒரு சேகரிப்பிலிருந்து பழைய சீட்டோடு அறுக்காத கட்டி ஒன்று கிடைத்தது, ஒரு பக்கம் திராட்சைக் கொத்தாகப் புடைத்த இயற்கை மேற்பரப்பு, கை படாதது. அறுக்கட்டுமா என்று நண்பர்கள் கேட்டார்கள். மாட்டேன். பிப்ரவரியில் அறுத்தால்தான் தெரியும் என்று எழுதியிருந்தேன், அது வெளியே ஒன்றுமில்லாத கட்டிக்கு. பொந்துக்குள் கடைசியாக வளர்ந்து நின்ற மேற்பரப்பு முழுதாக இருந்தால் அதை வெட்டக் கூடாது. பின்பக்கத்து உடைந்த விளிம்பில் விரல் அகலத்துக்கு மட்டும் மெருகிட்டுப் பட்டையைப் பார்த்துக்கொள்ளலாம். வில்லை அறுப்பவர்களும் ஒரு பக்கத்தையாவது முரடாகவே விடுங்கள், பாறை எப்படி ஒட்டியிருந்தது என்று பார்க்க அது வேண்டும்.

30 ஜூன்
கல்லின் மேல் எண் எழுதுவது எப்படி என்று கேட்டவருக்கு: மெருகிட்ட முகத்தில் எழுதவே கூடாது. முரட்டுப் பக்கத்தில், மார்கசைட் இல்லாத இடமாகப் பார்த்து, அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 பிசினை விரல்நுனி அகலம் தடவி உலரவிடுங்கள். அதன் மேல் வெள்ளை அக்ரிலிக் சின்னப் பொட்டு, கறுப்பு நிறமி மையில் எண், காய்ந்ததும் மறுபடி மெல்லிய பிசின். பின்னால் யாருக்காவது எடுக்க வேண்டியிருந்தால் அசிட்டோனில் வந்துவிடும். அதே எண்ணைப் பதிவேட்டில் போட்டு, சுரங்கம், ஊர், நாடு, யாரிடம் வாங்கியது, எந்த வருடம், என்ன விலை, எபாக்சி நிரப்பியதா, யார் அறுத்தது, எல்லாம் எழுதுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பசை காய்ந்து உதிர்ந்துவிடும்.